கேசட் கட்சி இசக்கிமுத்து

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு சித்திரையில், கத்தரி வெயில் தொடங்க இரண்டு நாள்கள் இருந்தபோது, ஜெயசுதா இசக்கிமுத்துவை முதன்முதலாகப் பார்த்தாள். அவர் கையில் ஒரு மஞ்சள் பை இருந்தது. மாற்றுத் துணி வைத்திருப்பார் என்று அவள் நினைத்தாள். உள்ளே இருந்தவை பதினொரு கேசட்டுகள். ஒவ்வொன்றையும் ஒரு காடாத்துணித் துண்டில் சுற்றி, பச்சைக் குழந்தையைக் கொண்டுவருவதுபோலக் கொண்டுவந்திருந்தார்.

திருப்பூர்ப் பாளையக்காட்டில் இருந்த ஒரு பனியன் கம்பெனியில் அவள் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தாள். தைத்து வரும் பனியன்களில் ஓட்டையும் விட்டுப்போன தையலும் இருக்கின்றனவா என்று பார்ப்பது அவள் வேலை. அவளுடைய மேசைக்குப் பக்கத்தில்தான் பாட்டுப் பெட்டி இருந்தது. ஆகவே அதுவும் அவள் பொறுப்பாயிற்று. திருப்பூரில் சோறில்லாமல்கூட ஒரு ஷிப்டு ஓடிவிடும், பாட்டில்லாமல் ஓடாது.

"தங்கச்சி, இதக் கொஞ்சம் போடுதியா? எங்க சித்தப்பா மலேசியாவுலேருந்து குடுத்துவிட்டாவ" என்றார் இசக்கிமுத்து.

அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பதினான்கு வயதில் சோமனூருக்கு வந்து, பதினாறு ஆண்டுகள் விசைத்தறி ஓட்டியவர். பிறகு தையல் பழகி, பனியனின் அடிவிளிம்பை மடித்துத் தைக்கும் ஃபிளாட்லாக் இயந்திரத்தில் உட்கார்ந்தார். அவர் கொடுத்த கேசட்டை ஜெயசுதா போட்டாள். மலேசியத் தமிழ் இளைஞர்கள் இரண்டு பேர் மூச்சுவிடாமல் பேசினார்கள். அது பாட்டா, சண்டையா என்று அவளுக்கு முதலில் விளங்கவில்லை. மூன்றாம் முறை கேட்டபோது, சொற்கள் ஒன்றன் கழுத்தை ஒன்று பிடித்துக்கொண்டு எதுகையும் மோனையுமாக ஓடுவது பிடிபட்டது. அன்றிலிருந்து ராப் என்னும் அந்தப் பாட்டு அவளையும் பிடித்துக்கொண்டது.

சீடன் குருவை மிஞ்சுவது உலக வழக்கம்தான். ஆனால் இங்கே குருவும் இல்லை, சீடனும் இல்லை. இருந்தவர்கள் இரண்டு பிடிவாதக்காரர்கள். இரண்டாயிரத்து ஆறில் புதிய பாடகர்களின் பாட்டுகள் வந்தன. காதர்பேட்டைக் கடைகளில் ஒரே சிடித் தட்டில் நூற்றைம்பது பாட்டுகளைப் பதிந்து விற்றார்கள். ஜெயசுதா அவற்றின் பக்கம் சாய்ந்தாள். கம்பெனியே கேசட் கட்சி, சிடி கட்சி என்று இரண்டாகப் பிரிந்தது. தமிழ் ராப்பின் பொற்காலம் எது என்று தேநீர் வேளைதோறும் வழக்கு நடந்தது.

"உங்க ஆளுங்க பாதி நேரம் 'நாந்தான் பெரியவன், நாந்தான் பெரியவன்'னு மார் தட்டிட்டே இருக்கறாங்ண்ணா. இவிய பாருங்க, நம்ம பொழப்பப் பாடறாங்க. பொம்பளப் புள்ளைங்களும் பாடுது" என்பாள் அவள்.

"பாடுதாவ, யாரு இல்லன்னா? என்ன பாடுதாவன்னு வெளங்கணும்லா? ஒவ்வொரு சொல்லும் ஆணி அடிச்சாப்ல விழுந்தது அந்தக் காலம். இவன் வாயில பாதி, வயித்துல பாதி. மென்னு முழுங்குதான்!" என்பார் அவர்.

அதிலும் ஒரு குறிப்பிட்ட பாட்டு. புதியவற்றுள் அதுதான் அவளுக்கு உயிர். அதன் இரண்டாம் பத்தியின் கடைசி வரி வரும்போதெல்லாம் இசக்கிமுத்து கையை உயர்த்தி, "இந்தா முழுங்கிட்டாம்லா!" என்று கத்துவார். கேசட் கட்சி கைகொட்டிச் சிரிக்கும்.

இரண்டாயிரத்து ஏழில் ஆயுத பூசைக்கு ஒரு பட்டிமன்றம் வைத்துத் தீர்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. வென்ற கட்சிக்கு அடுத்த ஆயுத பூசை வரை பாட்டுப் பெட்டி சொந்தம். இயந்திரங்களைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரியும் கடலையும் பங்கிட்ட பிறகு, வெட்டுமேசையையே மேடையாக்கினார்கள். நடுவர் கட்டிங் மாஸ்டர் ஆத்தப்பன்.

"எனக்கு ரெண்டுமே கோழி கொத்தறாப்பலதான் கேக்குதுங்க. அதனால நான் நடுநிலையானவன்னு எல்லாரும் ஒத்துக்கோணும்" என்று அவர் தொடங்கினார்.

இசக்கிமுத்து நன்றாகவே பேசினார். கேசட்டில் பாட்டைத் தாண்டிப் போவது எளிதன்று, ஆகவே ஒரு பக்கம் முழுவதையும் கேட்டோம், கேட்டதால் மனப்பாடமாயிற்று, மனத்தில் நின்ற காலமே பொற்காலம் என்றார். கடைசியில் வழக்கம்போல, சிடி காலத்தில் ஒரு சொல்லும் காதில் விழவில்லை என்று முடித்தார். ஜெயசுதா அந்த இடத்துக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தாள். அவருக்கு முதுகைக் காட்டி நடுவர் பக்கம் திரும்பினாள்.

"நடுவர் அவர்களே! வார்த்தை வெளங்கலைன்னா கோளாறு பாட்டுலயா, காதுலயா? செவிடன் காதுல ஊதுன சங்குன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? எங்க பாடகருங்க பாவம், இசக்கியண்ணன் காதுல சங்கு ஊதிட்டிருக்கறாங்க!"

கூரைத் தகரம் அதிரும்படி கூட்டம் சிரித்தது. இசக்கிமுத்து கூட்டத்தைப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். எல்லாரும் சிரித்து ஓய்ந்த நேரத்தில் அவருடைய சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்டது. தோல்வியைப் பெருந்தன்மையாக ஏற்கிறார் என்று ஜெயசுதா நினைத்தாள். ஆத்தப்பன் கைதட்டலை அளந்து பார்த்துச் சிடி கட்சிக்குத் தீர்ப்பளித்தார். பதினொரு கேசட்டுகளும் மறுபடியும் மஞ்சள் பைக்குள் போயின.

அதன்பின் இசக்கிமுத்து சுருங்கிப்போனார். முன்பெல்லாம் தையல் மேசையில் கையை ஊன்றியபடி பாட்டுக்கு முன்னால் பாட்டாக ஓடுவார். பாடகர் ஒரு வரி விட்டால் அடுத்த வரி இவருடையது. இப்போது குனிந்த தலை நிமிரவில்லை. வேடிக்கையாகப் பேசியதை இத்தனை நாள் மனத்தில் வைத்திருக்கிறாரே என்று ஜெயசுதாவுக்கு வருத்தம். மார்கழிக் கடைசியில் சமாதானத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். அவருடைய முதல் கேசட்டின் முதல் பாட்டைக் காதர்பேட்டைக் கடையில் தேடிப்பிடித்துத் தன் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டாள்.

அன்று முற்பகலில் மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க ஆள் போயிருந்தது. இயந்திரங்கள் ஓய்ந்த கம்பெனியில் ஒரு கத்தரிக்கோலின் ஓசைகூடத் தெளிவாகக் கேட்டது. இசக்கிமுத்து முதுகைக் காட்டி உட்கார்ந்து நூல்பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். அவள் கைப்பேசியை அவருக்குப் பின்னால் ஒரு துணிக்கட்டின்மேல் வைத்துப் பாட்டை ஓடவிட்டாள். அவர் எப்போதும் குறுக்கே புகும் வரி வந்தது, போயிற்று. பாட்டு முழுவதும் முடிந்தது. அவர் பிசிறு வெட்டிக்கொண்டே இருந்தார்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றாள். "ஏனுங்ண்ணா, இத்தன கோவமுங்ளா என்மேல?"

இசக்கிமுத்து அவளுடைய உதடுகளைப் பார்த்தார். "என்ன தங்கச்சி, கரண்டு வந்துட்டா?"

ஐந்தாண்டுக் காலமும் அவள் கண்முன் வந்து நின்றது. இயந்திர இரைச்சலில் எல்லாருமே கத்திப் பேசினார்கள். எல்லாருமே அடுத்தவர் வாயைப் பார்த்தே புரிந்துகொண்டார்கள். அங்கே ஒருவருக்குக் காது போனால் யார் கண்டுபிடிப்பது?

அவர் மறைக்கவில்லை. வலக்காதில் சிறு வயது முதலே சீழ் வடிந்ததாம். இடக்காதைச் சோமனூர்த் தறியோசை தின்றதாம். பாட்டுப் பெட்டி ஓடினால் தையல் மேசை அதிரும். அந்த அதிர்வில் கைவைத்தால் எந்தப் பாட்டு என்று தெரியும், சொற்கள்தாம் மனப்பாடமாயிற்றே. பழைய பாட்டுகள் அப்படியே உள்ளே ஓடும். காது மங்கிய பிறகு வந்தவை புதிய பாட்டுகள். அவற்றில் அவருக்கு அதிர்வு மட்டுமே கிடைத்தது; அந்த ஒரு வரியில் அதுவும் மங்கிப்போகுமாம்.

தான் பட்டிமன்றத்தில் வென்று பறித்தது பெட்டியை மட்டுமன்று என்பது ஜெயசுதாவுக்கு அப்போது விளங்கியது.

"நாளைக்கே கேசட்டப் போட்டுர்றனுங்ண்ணா."

"வேண்டாம். எதுக்குன்னு கேப்பாவ, வெளிய தெரிஞ்சுரும். தோத்தது தோத்ததுதான்." சற்று யோசித்துவிட்டு, "ஒண்ணு செய்யி. அந்த ஒம் பாட்டு இருக்குல்லா, அத ஒரு வரி விடாம எழுதிக் குடு. வாசிச்சுப் பாக்குதேன். நல்லாருந்தா நான் தோத்தேன்னு ஒத்துக்கிடுதேன். இல்லன்னா வார ஆயுத பூசைக்கு இருக்கு ஒனக்கு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அன்னைக்கு எல்லாரும் அப்படிச் சிரிச்சாவளே, என்ன சொன்ன?"

"அது... சும்மாங்ண்ணா. நெனப்பில்லீங்" என்றாள் ஜெயசுதா.

காது மருத்துவரிடம் போகச் சொன்னாள். ஏற்றுமதிச் சரக்கு போகட்டும் என்றார். தேங்காயெண்ணெயில் பூண்டைக் காய்ச்சி விட்டுக்கொண்டார்.

அவள் அன்றிரவே நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். முதல் பத்தி தடையின்றி வந்தது. இரண்டாம் பத்தியின் கடைசி வரியில் பேனா நின்றது. நூறு முறை உரக்கப் பாடிய வரி. எழுதப் போனால் நடுவில் நான்கு சொற்களைக் காணவில்லை. கைப்பேசியைக் காதோடு அழுத்திக் கேட்டாள். ஏதோ ஒரு முனகல், அவ்வளவுதான். மறுநாள் சிடி கட்சிக்காரர்களை ஒவ்வொருவராகக் கேட்டாள். எல்லாரும் அந்த வரியை ஆர்வத்தோடு தொடங்கினார்கள்; எல்லாரும் அதே இடத்தில் முனகிவிட்டுத் தாண்டினார்கள். இத்தனை காலமும் யாருக்கும் அது தெரியவில்லை. தெரியவில்லை என்பதும் தெரியவில்லை.

காது கேளாதவர் கண்ட குற்றம் சரியானது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? தான் நா கூசாமல் சொன்ன பழமொழியை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? சொற்களைக் கண்டுபிடித்த பிறகு கொடுக்கலாம் என்று தள்ளிப்போட்டாள். இன்று நாளை என்று ஒரு மாதம் போயிற்று. இசக்கிமுத்து இரண்டு முறை புருவத்தை உயர்த்தி வினவினார். இரண்டு முறையும் அவள் தையலில் குறை தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

மாசியில் அவருக்குத் தலைவலியும் காய்ச்சலும் வந்தன. இயந்திரத்தின்மீதே சாய்ந்து விழுந்தார். காதுச் சீழ் மூளைவரை பரவிவிட்டது என்று கோவை மருத்துவமனையில் அறுவை செய்தார்கள். செவ்வாய்க்கிழமை அவர் இறந்தார். அதற்கு இரண்டு நாள்கள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை காலையில், ஜெயசுதா நோட்டுப் புத்தகத்தோடு மருத்துவமனைக்குப் போனாள்.

அவருடைய மனைவி வெள்ளையம்மாள் வாசலுக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "வாசலையே பாத்துக்கிட்டுக் கெடக்காவ. நீங்க ஏதோ எழுதிக் கொண்டாருவியளாம்."

தலைக்கட்டுக்குக் கீழே இசக்கிமுத்துவின் முகம் சிறுத்திருந்தது. நோட்டைக் கண்களுக்கருகே கொண்டுபோனார். பிறகு திருப்பிக் கொடுத்தார். "எழுத்து கலங்குது. நீ வாசி. என் மொகத்தப் பாத்து, மெல்ல."

அவள் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் விரலால் தாளம் தட்டிக்கொண்டே வாசித்தாள். அவர் உள்ளங்கையை அதே சட்டத்தில் வைத்து, அவள் வாயை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தார். முதல் பத்தி முடிந்ததும், "பரவால்லியே, நல்லாத்தான் எழுதிருக்கான்" என்றார். இரண்டாம் பத்தியின் கடைசி வரியில் அவள் விரல் நின்றது.

"என்ன நின்னுட்ட?"

நோட்டைத் திருப்பிக் காட்டினாள். அங்கே வெறும் புள்ளிகள் இருந்தன. "தெரியலீங்ண்ணா. யாருக்குமே தெரியல. முழுங்கத்தான் முழுங்கறான்."

இசக்கிமுத்துவின் முகம் ஆயுத பூசைக்குப் பிறகு முதன்முறையாக மலர்ந்தது. "கேட்டியா வெள்ளையம்மா? நான் சொன்னேம்லா!"

அந்த மலர்ச்சியைப் பார்த்துக்கொண்டு ஜெயசுதாவால் வாளாவிருக்க முடியவில்லை. அன்று என்ன சொன்னாள் என்பதை, அவர் முகத்துக்கு நேரே, ஒரு சொல்லையும் விழுங்காமல் சொன்னாள். செவிடன் என்ற சொல்லில் அவளுடைய உதடு நடுங்கியது. ஆனாலும் அவருக்குப் புரிந்துவிட்டது.

அவர் கண்ணை அவள் வாயிலிருந்து மேற்கூரைக்குத் திருப்பிக்கொண்டார். வெள்ளையம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சட்டத்தின்மீது இருந்த அவருடைய கை மட்டும் விலகவில்லை.

பிறகு, அதே சட்டத்தில் தம் விரலால் மெல்ல இரண்டு முறை தட்டிவிட்டு, இசக்கிமுத்து ஜெயசுதாவிடம் கேட்டார்:

"இன்னொரு தடவ மொதல்லேருந்து வாசி, தங்கச்சி. இப்பம் அந்த எடத்துல நிக்காத. வாயில வந்ததச் சொல்லிட்டுப் போயிரு. தாளம் அறுந்துரக் கூடாது."