தீரப்போகிற எண்ணெயும் எதிர்வீட்டு அண்ணனும்

எதிர்வீட்டு அண்ணன் பெட்ரோல் பங்க்கில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பூமியில் உள்ள எண்ணெய் முப்பது வருடத்தில் தீர்ந்துவிடும் என்று யாரோ ரேடியோவில் சொன்னார்கள். அன்றோடு அவர் பைக் ஆசையை விட்டுவிட்டார்.

"தீந்தப்புறம் அத வச்சு என்ன பண்றது, துணி காயப்போடவா?" என்பார்.

ஊர் வண்டிக்கெல்லாம் "ஜீரோ பாத்துக்கோங்க" என்று மீட்டரைக் காட்டி பெட்ரோல் போட்ட மனுஷர், வீட்டுக்குச் சைக்கிள் மிதித்தே வந்தார். இடுப்பு வலி கண்ட அண்ணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் அந்தச் சைக்கிளில்தான். அண்ணி அதை மறக்கவில்லை. அவரை மறக்க விடவும் இல்லை.

முப்பது வருடம் ஓடியது. எண்ணெய் தீரவில்லை, அண்ணனின் முழங்கால்தான் தேய்ந்தது. வேலையை விட்ட அன்று மகளிடம் கேட்டார்.

"எண்ணெய் இன்னும் எத்தனை வருஷத்துக்கு வரும்மா?"

"அம்பது வருஷம்னு சொல்றாங்கப்பா."

"எடுக்க எடுக்க அதெப்படிக் கூடும்?"

"புதுசு புதுசா கண்டுபிடிக்கிறாங்க. அப்ப தோண்ட முடியாத எடத்துலயும் இப்ப தோண்டுறாங்க. கண்ணுக்குத் தெரிஞ்ச வரைக்கும்தான்பா அவங்க கணக்கு."

அண்ணன் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த வாரம் மகள் பேட்டரி ஸ்கூட்டர் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தினாள். அண்ணன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பழக்கதோஷம், பெட்ரோல் மூடியைத் தேடினார். பிறகு மகளிடம் ஏதோ கேட்க வாயெடுத்தார்.

அதற்குள் அண்ணி பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"கரண்டு எப்பத் தீரும்னு மட்டும் யாரையும் கேக்காதீங்க. வண்டிய எடுங்க."