கபுறுக்குள் பரவும் வெளிச்சம்

கண்டியில் டோர்ச் விற்கிறவன் நான். தெல்தோட்டையில் அடக்கம் செய்யக் கபுறுக் குழி வெட்டும் ஸவாஹிர் நானா சனிக்கிழமை பகல் கடைக்கு வந்தார். எதிர்மலை வரைக்கும் அடிக்கும் பெரிய டோர்ச்சை எடுத்து நீட்டினேன்.

"தூரத்துல எனக்கென்ன வேல? சட்டப் பொக்கட்டுல அடங்கணும். வெளிச்சம் பரந்து விழணும்."

சின்னதாக நான்கைந்தை எடுத்து வைத்தேன். வெறும் காட்போட் பெட்டியொன்றைக் கேட்டு வாங்கி, அதற்குள் தலையை விட்டு ஒவ்வொன்றாக எரித்துப் பார்த்தார்.

"பெட்டிக்குள்ள குடியிருக்கப் போறீங்களா நானா?"

"நாலு மூலையும் தெரியுதான்னு பாக்குறேன்" என்றார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "போன மாசம் பொஞ்சாதி மௌத்தானா. மஃரிபு தொழுது, இருட்டின பொறகு அடக்கம். அவட கபுற நானேதான் வெட்டினேன். கையில இருந்த டோர்ச் நீட்டு வெளிச்சம், குழி ஓரத்துல துருத்தின கல்லு தெரியல்ல. அவவ வெச்ச பொறகுதான் கையில பட்டிச்சு. மேல சனம் நின்டிச்சு. நான் வாய் தொறக்கல்ல."

பிள்ளைகள் இல்லை. வீட்டில் இப்போது அவர் ஒருவர்தான்.

கடைசியாக எரித்த குட்டி டோர்ச்சில் பெட்டி முழுக்க வெளிச்சமானது. "இது போதும்" என்றார். ஆனால் தலையை வெளியே எடுக்கவில்லை. வேறோர் ஆள் வந்து ஏதோ விலை கேட்டார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன்.