யாருக்கும் சொந்தமில்லாத போல்டர்

சண்டை நடந்த காலம். அரிப்பு என்ற எங்கள் ஊரிலிருந்து இடம்பெயர்ந்து மன்னாரில் ஒரு முகாமில் இருந்தோம். அங்கே ஒரு நிவாரண அலுவலகத்தில், எங்கள் பேச்சில் கந்தோரில், எனக்குக் கணினி வேலை. கந்தோரில் இரண்டு மென்பொருள்கள் ஓடின. ஒன்று குடும்ப அட்டை அச்சடிக்கும், மற்றது மருந்து இருப்பைப் பார்க்கும். இரண்டுக்கும் தமிழ் எழுத்துருக்கள் ஒரே போல்டரில்தான் இருந்தன.

மருந்து மென்பொருளை நீக்கிப் புதியதை நிறுவும் பொதியை என்னைச் செய்யச் சொன்னார்கள். கூட வேலை செய்த யூட் பதறினான்.

"பழசைக் கழட்டினா அந்தப் போல்டரும் சேர்ந்து போயிடும். அட்டையில பேர் பெட்டி பெட்டியா வந்தா, ஆமி சென்றியில அட்டையைச் சோதிக்கேக்க சனத்தை மறிச்சு வச்சிருப்பாங்கள்."

"பொறு, நான் செய்யிறன்" என்றேன்.

முகாம் கிணற்றடி நினைவுக்கு வந்தது. ஊர் திரும்பும் குடும்பம் தன் வாளியை மட்டும் அவிழ்த்துக்கொண்டு போகும். பொதுக் கயிற்றில் ஒருவரும் கைவைப்பதில்லை. எழுத்துருக்களைப் பழைய மருந்து மென்பொருளின் கணக்கிலிருந்து எடுத்துத் தனிப் பொதியாக்கினேன். அது இருந்தால்தான் மற்ற இரண்டும் ஏறும். எந்த மென்பொருளை நீக்கினாலும் அது தன் கோப்புகளை மட்டுமே கொண்டுபோகும்.

மறுநாள் வரிசையில் சனம் நிற்கும்போதே பழையதை நீக்கினேன். யூட் சிலுவை போட்டான். முன்னால் நின்ற அக்கா தன் அட்டையை வாங்கி, பிள்ளைகளின் பெயர்களைச் சத்தமாக வாசித்தார்.

"ஓம், எல்லாம் சரி தங்கச்சி."

பிறகு எவ்வளவோ பெரிய வேலைகள் செய்தேன். தலைநிமிர்ந்து சொல்வது இதைத்தான். நாங்கள் முகாமை விட்டுப் புறப்பட்ட அன்று, எங்கள் வாளியை நானே அவிழ்த்தேன். கயிற்று நுனியை, அடுத்து வருகிறவர் கைக்கு எட்டும்படி கட்டிவிட்டு வந்தேன்.