படங்கு விரித்த கரை

நீச்சல் சொல்லிக் கொடுக்கிறவன் முதலில் பழக வேண்டியது தண்ணீருக்கு அல்ல, கரையில் நிற்கும் தாய்மாரின் முகத்துக்கு. பிள்ளையைத் தண்ணீரில் இறக்கிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் உங்களுக்கும் அந்த முகம் தெரியும். எனக்கு நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் இரவு பொயிலர் வேலை. விடிய விடிய நீச்சல் குளத்துக்குத் தண்ணீர் சுட வைப்பேன். பகலில் தூக்கம் வராது, வந்தாலும் நல்ல கனவு வராது. அதனால் சனிக்கிழமை காலைகளில், விருந்தாளிகள் எழும்புமுன், ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளோடு அதே தண்ணீரில் இறங்கிவிடுகிறேன். நீந்தவும் சரி, இந்தப் பிள்ளைகளோடு பழகவும் சரி, எனக்கு யாரும் படிப்பித்ததில்லை. தண்ணீர் குடித்துக் குடித்துக் கற்றதுதான்.

கதவு திறந்தால்

சரோஜா மலையில் தேயிலைக் கொழுந்து பறிப்பவர். மகள் தாரணிக்கு ஒன்பது வயது, பேச்சு இல்லை. அவர்கள் குடியிருக்கும் தோட்டத்து லயத்துக் கதவு திறந்திருந்தால் போதும், நேரே கீழே டேமுக்கு நடந்துவிடுவாள். முழங்கால் தண்ணீரில் நின்றவளை அக்கம்பக்கத்தார் தூக்கி வந்தது ஒரு தடவை இரண்டு தடவை அல்ல. முதல் நாள் நான் பெரிய மாஸ்டர் மாதிரி, எந்த விதமான நீச்சல் வேண்டும் என்று சரோஜாவிடம் கேட்டு வைத்தேன்.

"நீந்தவெல்லாம் வேணாண்ணே. அவ விழுந்தா, மலையிலருந்து நான் ஓடி வர்ற வரைக்கும் மெதந்துகிட்டு இருந்தா போதும்."

ஸ்வெட்டர்

தாரணி ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டாள். நான் வாங்கிப் போன நீச்சல் உடையைத் தண்ணீரில் போட்டு, அது மிதப்பதை ரசித்துக்கொண்டிருந்தாள். கெஞ்சிப் பார்த்தேன், நடித்துக் காட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. பிறகுதான் உறைத்தது: டேமில் விழுகிற அன்றைக்கு இவள் நீச்சல் உடையிலா இருக்கப் போகிறாள்? அவள் சொல்லாமல் சொன்னதுதான் சரி.

ஸ்வெட்டரோடே இறக்கினேன். கம்பளி நனைந்து கனத்தது. அவளோ மல்லாந்து, காதுவரை தண்ணீரில் அமிழ்ந்து, கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். எப்போதும் முனகிக்கொண்டே இருக்கும் பிள்ளை அன்றைக்குத்தான் அமைதியானாள். பிடரியில் வைத்திருந்த என் விரலை எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. குளத்தில் காவல் நிற்கும் நிமல் சிங்களவர், என்னோடு தமிழில்தான் பேசுவார். எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அண்ணே, நீங்க மல்லாந்தா கீழ போறீங்க. இந்தப் புள்ள உடுப்போட படுத்துத் தூங்குது."

நடு வழியில் நின்ற கோச்சி

சனிக்கிழமைப் பிள்ளைகளில் இன்னொருவன் கெவின்; அவனுக்குக் கோச்சி, அதாவது ரயில், என்றால் உயிர். ஹட்டனிலிருந்து பட்டிப்பொல வரைக்கும் ஸ்டேஷன் பெயர்களை நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, ஒவ்வொரு பெயருக்கும் கால் அடித்து எதிர்ச்சுவரைத் தொடுவான். ஒரு நாள் இரவு வேலைக் களைப்பில் நான் "வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன், நானுஓயா" என்று ஓட்டிவிட்டேன். பயல் நடுக் குளத்தில் எழும்பி நின்றுவிட்டான். அழுகை இல்லை, கோபம் இல்லை. பொறுமையாக என்னைப் பார்த்தான். "என்ன தம்பி, போகலையா?" என்றேன்.

"கோச்சி நிக்குது. ரதல்ல ஸ்டேஷன் இன்னும் வரல்ல."

நீல விளிம்பு

பழக்கியதில் ஒன்று விடுபட்டாலும் இந்தப் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள் என்று கெவின் காட்டிய பாடம் எனக்குப் போதவில்லை. தாரணியை டேமின் ஆழமில்லாத ஓரத்துக்கே கூட்டிப் போனோம். மிதவைச் சட்டை போட்டு, இடுப்பில் கயிறு கட்டி, நிமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். குளிரிலும் அழகாக மிதந்தாள். ஆனால் கரைக்கு வரவில்லை. அவள் கண் எதையோ தேடிக்கொண்டே இருந்தது. குளத்தில் நீல டைல் பதித்த விளிம்பைப் பிடித்துத்தான் ஏறப் பழக்கியிருந்தேன். இங்கே இருந்தது சேறும் புல்லும். நீலத்துக்கு எங்கே போவது?

மலையிலிருந்து நேரே வந்திருந்த சரோஜா, கொழுந்து பறிக்கையில் உடுப்பு நனையாமல் இடுப்பில் சுற்றிக் கட்டும் நீலப் படங்கை, அந்தத் தார்ப்பாய்த் துண்டை, அவிழ்த்துக் கரையில் விரித்தார். தாரணி புரண்டு, கால் அடித்து வந்து அதன் ஓரத்தை இறுக்கிப் பிடித்தாள். அன்றிலிருந்து டேமில் எங்கள் வழக்கம் அதுதான்: முதலில் படங்கு விரிப்போம், பிறகுதான் தண்ணீர்.

"ஒங்களவிட என் படங்கு நல்லா படிப்பிக்குது, அண்ணே."

மலைக்கு வந்தவள்

இது நான் பார்த்ததல்ல, சரோஜா ஃபோனில் சொன்னது. ஒரு வேலை நாள் மத்தியானம் லயத்துக் கதவு திறந்து கிடந்திருக்கிறது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்கா டேமுக்கு ஓடியிருக்கிறார். தண்ணீர் ஓரத்தில் தாரணியின் செருப்பு மட்டும் கிடந்தது. சத்தம் மலைக்கு எட்டியதும் சரோஜா கூடையைப் போட்டுவிட்டு இறங்கி ஓடியிருக்கிறார்.

பாதி வழியில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே, வெறுங்காலோடு ஏறி வந்துகொண்டிருந்தாள் தாரணி. ஸ்வெட்டர் காய்ந்தே இருந்தது. தண்ணீர் வரைக்கும் போய், கரையில் படங்கு இல்லாததைப் பார்த்துத் திரும்பியிருக்கிறாள். வந்தவள் அம்மாவின் இடுப்புப் படங்கைப் பிடித்து டேம் பக்கம் இழுத்தாள். நான் அதைப் பழக்கியது ஏறுவதற்கு. அது இல்லாமல் இறங்கக் கூடாது என்பது அவளாக எழுதிக்கொண்ட சட்டம். கூடையைப் போட்டுவிட்டு எங்கே ஓட்டம் என்று வேலையை மேற்பார்க்கும் கங்காணி மேலேயிருந்து சத்தம் போட, சரோஜா மூச்சிரைக்கப் பதில் சொன்னாராம்:

"இன்னைக்கு எனக்கு அரைப்பேரு போட்டு அரை நாள் சம்பளமே குடுங்க, கங்காணி. எம்மக மொத மொதல்ல என்னக் கேட்டுட்டுத் தண்ணிக்குப் போறா."

மிதக்கத்தான் நான் சொல்லிக் கொடுத்தேன், கேட்டுவிட்டுப் போக அவளே கற்றுக்கொண்டாள், மாஸ்டர் என்ற பெயர் மட்டும் இன்னும் என்னிடமே இருக்கிறது.