குடையும் ஏணியும் எண்ணிய நாள்

"தையக்கார கோவிந்தன் போன வாட்டி தோத்துட்டு ஒரு வாரம் கடையே தொறக்கல. இந்த வாட்டி இன்னா பண்ணுவானோ." ராபர்ட்சன்பேட்டை போகும் பஸ்ஸில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. நான் போய்க்கொண்டிருந்ததே அந்த வார்டின் ஓட்டுகளை எண்ணத்தான். டீச்சர் வேலை கிடைத்தால் கூடவே இந்த வேலையும் வந்து சேரும் என்பது, என்னைப் போல் மாட்டிக்கொண்ட உங்களுக்குத் தெரியாததா?

வெள்ளைக்கல்

எண்ணும் கூடத்தில் ஓட்டுச் சீட்டுகள் பறக்கக் கூடாதென்று மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள். ஜன்னல் காற்றுக்கும் பறக்காதிருக்க, மேஜைக்கு ஒரு வெள்ளைக்கல் வைத்தார்கள். என் மேஜையில் கோவிந்தனின் ஏஜெண்ட் ஏழுமலை, சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சீட்டைக் கண்காணிக்க வந்த மனிதர், கல்லை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டைப் பார்க்கச் சொன்னார் அதிகாரி.

"ஓட்டு எங்க சார் ஓடிடப் போவுது? இதுல சரக்கு கீதான்னு பாத்துக்கினு வந்துடறேன்."

மரத்தட்டு

எங்களுக்குத் தந்த சாமான், அறை அறையாகத் தடுத்த ஒரு மரத்தட்டு. குடைச் சின்னத்தில் முத்திரை விழுந்த சீட்டு ஓர் அறையில், ஏணிச் சீட்டு இன்னொன்றில். பிறகு எண்ணி ரப்பர் பேண்டு போட வேண்டும். கல்லூரியிலேயே எழுந்து பேசாதவள் நான். உதடு அசையாமல் எண்ணினேன். ஏழுமலை பொறுத்துப் பார்த்தார்.

"கண்ணு, நீ மனசுக்குள்ளயே எண்ணிட்டா நாங்க எப்படிம்மா சந்தேகப்படறது?"

கடைசிச் சீட்டு

குடைக்கார கோவிந்தனும் ஏணிக்கார பேக்கரி முதலாளியும் சமமாக வந்து நின்றார்கள். மிச்சம் ஒரே சீட்டு. அதில் குடை மேலும் முத்திரை, ஏணி மேலும் முத்திரை. மை காயுமுன் மடித்ததில் ஒரு சின்னத்தில் குத்தியது மற்றதன் மேலும் ஒட்டியிருந்தது. ஒட்டியதில் முத்திரையின் அம்புகள் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். ஆனால் மை கலங்கிப்போய், யாருக்கும் நிச்சயமில்லை.

"யார்கிட்டயாவது கண்ணாடி இருக்கா?" என்றார் அதிகாரி. கூடத்திலிருந்த அத்தனை ஆண்களும் என்னைப் பார்த்தார்கள். தலையைக் குனிந்தபடி பையிலிருந்து கைக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். அவர் வெள்ளைத்தாளில் ஒரு முத்திரை குத்தி வைத்துக்கொண்டு, சீட்டைக் கண்ணாடியில் காட்டி ஒப்பிட்டார். கண்ணாடிக்குள் நேராகத் தெரிந்தது குடை மேலிருந்த முத்திரை. அப்படியானால் ஒட்டியது அதுதான். ஓட்டு ஏணிக்கு.

ஏழுமலை பெருமூச்சு விட்டார். "நல்லா ஊதிட்டு மடிச்சிருந்தா, நாங்க அப்பவே தோத்துட்டு சோறு துன்னப் போயிருப்போம்."

வெளியே கோவிந்தனின் தெருவே கூடி நின்றது. உள்ளே கோவிந்தன் அதிகாரியிடமிருந்து கண்ணாடியை வாங்கி, சட்டைப் பையிலிருந்த சீப்பால் தலையை வாரிக்கொண்டார். கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். பிறகு பேக்கரி முதலாளியின் தோளில் கை போட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார்.