மொரிசாகி தமாயெயின் கை

ஒசாகாவில் எங்கள் ஆய்வகத்தில் மொரிசாகி தமாயெ இருபத்தாறு வருடமாகப் புற்றுநோய்ச் செல்களை வளர்த்துவந்தார். காலையில் வந்ததும் நுண்ணோக்கியில் குனிந்து, "என்னடா, வயிறு நிறஞ்சுதா?" என்று கேட்பார். எங்களிடம் அவ்வளவு அன்பாக ஒருநாளும் பேசியதில்லை.

அந்தச் செல்களின் மேற்புறத்தில் ஏற்பி என்றொரு புரதம் உண்டு. 'வளரு' என்று வரும் செய்தியை வாங்குவது அதுதான். அதன்மேல் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்கும். அவற்றை ஒட்டவிடாத ஒரு மருந்தைக் குழுத்தலைவர் ஹிகாஷினோ (ஆசிரியர் என்ற மரியாதையில் நாங்கள் 'சென்செய்' என்போம்) மூன்று வருடம் பாடுபட்டுச் செய்திருந்தார். வேதியியலில் கெட்டி, செல் பக்கம் எட்டிப் பார்த்தவரில்லை. மருந்து கொடுத்த செல்லின் புரதங்களைத் தமாயெ ஜெல் என்ற கூழ்ப்பலகையில் ஓடவிட்டுப் படம் எடுத்தார். கனத்த புரதம் ஜெல்லில் மேலேயே நிற்கும், லேசானதும் கெட்டுச் சிதைந்ததும் கீழே இறங்கும். ஏற்பியின் கறுப்புக் கோடு வழக்கமான இடத்தில் இல்லை, கீழே கிடந்தது.

சென்செய் எல்லார் முன்னாலும் உதட்டைப் பிதுக்கினார். "மொரிசாகி சான், புரதத்த கெட்டுப்போக விட்டுட்டீங்க. மார்ச்சுல ஓய்வு வேற. கை தளர்ந்துபோச்சு போல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தமாயெ குனிந்து வணங்கிவிட்டு வெளியே வந்தார்; நானும் பின்னாலேயே வந்தேன். அவர் காது மட்டும் சிவந்திருந்தது.

"வேற என்ன வேணா சொல்லட்டும்," என்றார் என்னிடம். "இந்தப் பேரோட நான் வீட்டுக்குப் போக மாட்டேன்."

மறுநாள் மருந்து படாத செல்லின் புரதத்தை எடுத்து, சர்க்கரையை மட்டும் வெட்டிவிடும் நொதியைச் சேர்த்தார். அதையும் மருந்து கொடுத்த பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டார். இரண்டு கோடும் ஒரே மட்டத்தில் நின்றன. சென்செய் பழித்த புரதம் கெட்டுப்போகவே இல்லை; சர்க்கரை ஒட்டாததால் இளைத்திருந்தது, அவ்வளவுதான். மருந்து பிடித்திருந்தது! சர்க்கரை இல்லாத ஏற்பி மேற்புறத்துக்கு வராமல் செல்லுக்குள்ளேயே தங்கிவிட, தட்டில் செய்தி கிடைக்காத செல்கள் செத்து மிதந்தன.

"பாவம் பசங்க," என்றார் தமாயெ, சிரிப்பை அடக்க முடியாமல்.

சென்செய் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு இடுப்புவரை குனிந்தார். "நான் சொன்னது தப்பு. மன்னிச்சிருங்க."

எங்களில் வேறு யாராக இருந்தாலும், 'ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல' என்று பதிலுக்குக் குனிந்திருப்போம். தமாயெ நிமிர்ந்து நின்று என்னைக் காட்டினார்.

"ஆமா, தப்புதான். ஆனா அன்னைக்கு அத்தன பேர் இருந்தாங்க. இப்ப இவ ஒருத்திதான இருக்கா?"

சென்செய் கதவைத் திறந்து நடைவழியில் நின்றார். அவர் தொண்டையில் அவ்வளவு சத்தம் உண்டென்று நாங்கள் அறிந்ததில்லை. "மொரிசாகி சானோட கை தளரல! தளரவே இல்ல! மருந்து வேலை செய்யுது!"

கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கை வலிக்கும்வரை தட்டினோம். தமாயெ கண்ணைத் துடைத்துக்கொண்டே, "மேல்மாடிக்குக் கேட்டிருக்காது," என்றார்.

சென்செய் மறுபடியும் கத்தினார்.