வேலை போகும் தேதிகள்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் பஞ்சாங்கம். நாள் நட்சத்திரம் பார்க்கிறவள் என்பதால் அல்ல. அந்தப் பக்கம் அவள் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இன்ன தேதியோடு வேலை போய்விடும் என்று செய்தியில் யார் சொன்னாலும், அதை மறக்காமல் குறித்து வைப்பவள் அவள் ஒருத்திதான். அதனால் வந்த பெயர்.

நிறுவனம் பெரியதில்லை. ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் பதினான்கு பேர். நகரப் பேருந்துகளுக்கு டூட்டி சார்ட் போடும் மென்பொருள்தான் அவர்களுக்குச் சோறு போட்டது. எந்த ஓட்டுநர் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுப்பார், எங்கே இடைவேளை விடுவார் என்று மாதாமாதம் அது பட்டியல் தரும். பஞ்சாங்கம் அங்கே சேர்ந்து பதிமூன்று வருடம் ஆகிவிட்டது.

சேர்ந்த புதிதில் ஒரு செய்தி வந்தது. இனி யாரும் உட்கார்ந்து நிரல் எழுத வேண்டாம், கட்டம் கட்டமாகப் படம் வரைந்தால் போதும், மூன்றே வருடத்தில் இந்தத் தொழிலே இருக்காது என்று ஒரு பெரிய மனிதர் மேடையில் அடித்துச் சொல்லியிருந்தார். அவள் கடன் வாங்கிப் படித்து, அப்போதுதான் நாற்காலியில் சூடு ஏறியிருந்தது. ஆற்றாமையில் அலுவலகத்தின் பொது நாட்காட்டியில் அந்தத் தேதியைத் தேடிப் பிடித்து, 'இன்று முதல் நாம் தேவையில்லை. காலை பதினொரு மணி. அனைவரும் வரவும்' என்று போட்டு வைத்தாள். போட்டதோடு மறந்தும் போனாள்.

மூன்று வருடம் கழித்து ஒரு நாள் பதினொரு மணிக்கு எல்லோருடைய திரையிலும் அந்த அழைப்பு டிங்கென்று வந்து நின்றது. ஒருவர் விடாமல் கூட்ட அறைக்குப் போய்விட்டார்கள். எதற்கு வந்தோம் என்று தெரிந்ததும் அப்படி ஒரு சிரிப்பு. எப்போதும் இப்போதோ அப்போதோ மழை வரும் என்பது போல முகத்தை வைத்திருக்கும், மற்றவர்கள் எழுதியதைச் சோதிக்கும் டெஸ்டர்கூடக் கீழே இறங்கிப் போய் ஒரு கேக் வாங்கி வந்தார். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. செய்தியில் தேதி வரும், பஞ்சாங்கம் குறிப்பாள். அந்த நாள் வந்தால் கேக். இப்படி ஆறு முடிவு நாட்களைத் தின்று தீர்த்திருந்தார்கள்.

மற்ற நாட்களில் காலை பத்தரை மணிக் காபிதான் செய்தி நேரம். இரண்டாயிரம் பேரை வீட்டுக்கு அனுப்பிய ஒரு நிறுவனம், கடிதத்தை 'அன்பான எங்கள் குடும்பத்தினரே' என்று தொடங்கியிருந்ததை ஒருநாள் அவள் படித்துக் காட்டினாள்.

"நல்லவேளை," என்றார் டெஸ்டர். "நம்ம முதலாளிக்கு என் பேரே சரியா தெரியாது."

மென்பொருளைப் புதுப்பிக்காமல் கதவு திறக்காத குளிர்சாதனப் பெட்டி ஒன்று வந்திருப்பதாக இன்னொரு நாள் செய்தி. "பால் எடுக்கணும்னா நிபந்தனைகளை ஏத்துக்கணும், அவ்வளவுதானே. என் மாமியார் வீட்லயும் அதே கதைதான்," என்றாள் பக்கத்து மேசைக்காரி.

ஆனால் எங்கோ ஒருவர் ஒரு வரியைத் தப்பாக அடித்ததில் பாதி உலகத்தின் இணையச் சேவைகள் படுத்துவிட்டன என்று செய்தி வந்த அன்று யாரும் சிரிக்கவில்லை. அவரவர் எழுதிய அப்படி ஒரு வரி அவரவர் கண்முன் வந்துபோயிருக்க வேண்டும். "பாவம், அந்த ஆளுக்கு இன்னிக்கு யாராச்சும் சாப்பாடு வாங்கிக் குடுத்தாங்களோ என்னவோ," என்றாள் பஞ்சாங்கம். அன்று அதோடு கூட்டம் கலைந்தது.

வீட்டில் செய்திக்குப் பஞ்சமில்லாமல் பார்த்துக்கொண்டவள் நாத்தனார். பல் மருத்துவமனையில் வேலை. நோயாளி வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும் இடைவெளியில் அனுப்புவாளோ என்னவோ, வாரத்துக்கு நாலு செய்தி வரும். பின்னாலேயே போனும் வரும்.

"அண்ணி, படிச்சீங்களா? உங்க வேலையெல்லாம் ஆறு மாசத்துல காலியாமே?"

"போன வருஷமும் ஆறு மாசம்னுதானேம்மா சொன்னாங்க? அதே ஆறு மாசம்தான் இன்னும் முடியல."

"இல்லண்ணி, இந்தத் தடவை நிஜமாம். எதுக்கும் எங்க ஆஸ்பத்திரியில வரவேற்புல ஒரு இடம் காலியா இருக்கு. சொல்லி வைக்கட்டுமா?"

"சொல்லி வை. பல்லைக் காட்டுற வேலைதானே, நல்லாத்தான் செய்வேன்."

பஞ்சாங்கத்தின் கணவன் நகரப் பணிமனை ஒன்றில் பேருந்து ஓட்டுநர். மனைவி போடும் சார்ட்டில் கணவன் வண்டி எடுப்பது நாத்தனாருக்குப் பெரிய வேடிக்கை; அவனுக்கு அவ்வளவு வேடிக்கையாக இல்லை. நாலு வருடமாக ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை முதல் வண்டி அவன் தலையில்தான் விடிந்தது. வாரம் தவறாமல் கேட்பான்.

"உன் புரோகிராமுக்கு என் மேல என்னதான் கோவம்?"

"கம்ப்யூட்டருக்குப் பாரபட்சம் தெரியாதுங்க. அது பாட்டுக்கு வருது. உங்களுக்கு அப்படி அமைஞ்சு போச்சு."

"நாலு வருஷமாவா அமையும்?" என்று முணுமுணுத்துக்கொண்டே சட்டைக்கு இஸ்திரி போடுவான்.

ஏழாவது முடிவு நாள் ஒரு வியாழக்கிழமை வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒருவர், நிரல் எழுதுகிறவனை இனி அருங்காட்சியகத்தில்தான் பார்க்க முடியும் என்று சொல்லியிருந்தார். அதனால் கேக்கின் மேல் 'அருங்காட்சியகத்துக்கு நல்வரவு' என்று எழுதி வாங்கியிருந்தார்கள். டெஸ்டர் தன் நாற்காலியைச் சுற்றி நாடா கட்டி, 'தொடாதீர்கள்' என்று அட்டை தொங்கவிட்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

மேலாளர் உள்ளே வந்தது அப்போதுதான். கையில் மடிக்கணினி. அவர் கேக்கைப் படித்தார், டெஸ்டரைப் பார்த்தார், நாடாவைப் பார்த்தார்.

"எனக்கு 'நல்வரவு' பக்கம் ஒரு துண்டு குடுங்க," என்றார். அதைச் சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, "நானும் உங்களுக்கு ஒண்ணு கொண்டுவந்திருக்கேன். இன்னிக்குன்னு பார்த்து அமைஞ்சிருக்கு, மன்னிக்கணும்," என்று திரையைத் திருப்பினார். நிரலைப் படித்துக் குறை சொல்லும், கேட்டால் எழுதியும் தரும் புதுக் கருவி. செய்திகளில் அதைப் பற்றித்தான் நாலு மாதமாகப் பேச்சு. "யாராச்சும் முதல்ல முயற்சி பண்ணிப் பாருங்களேன்."

பதிமூன்று தலைகள் பஞ்சாங்கத்தின் பக்கம் திரும்பின.

அவளும் சளைத்தவளில்லை. நிறுவனத்திலேயே மிகப் பழைய நிரலை எடுத்துக் கொடுத்தாள். ஒன்பதாயிரம் வரி, பாதி அவளே எழுதியது, தொட்டால் எங்கே எது இடியுமோ என்று யாரும் கிட்டே போகாத பாழடைந்த பங்களா. கருவி எப்படி விழிக்கிறது பார்க்கலாம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மற்றவர்கள் கேக்குத் தட்டோடு பின்னால் நின்றார்கள்.

'மிகத் தெளிவாகவும் அழகாகவும் எழுதப்பட்டிருக்கிறது' என்று ஆரம்பித்தது கருவி.

"வந்ததும் வராததுமா பொய்," என்றார் டெஸ்டர்.

முதல் மூன்று யோசனைகளும் உளறல். அதில் ஒன்றைக் கேட்டு நடந்திருந்தால் நகரத்தின் அத்தனை பேருந்துகளும் நள்ளிரவில் ஒரே நிறுத்தத்தில் வந்து நின்றிருக்கும். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல், சீட்டி. பஞ்சாங்கம் எழுந்து நின்று கும்பிடு போட்டாள்.

நாலாவது யோசனை வந்தது. 'பல ஓட்டுநர்கள் சம தகுதியில் இருக்கும்போது, பணி எண் குறைந்தவரே ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுக்கப்படுகிறார். இது வேண்டுமென்றே செய்ததா?'

அவள் சிரித்துக்கொண்டே அந்த வரிக்குப் போனாள். அதற்கு மேலே அவளே எழுதி வைத்த குறிப்பு இருந்தது. 'இது தற்காலிகம். நாளைக்கு மாற்றணும்.' பக்கத்தில் பதினோரு வருடத்துக்கு முந்தைய தேதி. அந்தத் தேதி அவளுக்கு மறக்காது. அன்று மாலை வீட்டுக்குப் போனவள் அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போனாள். மறுநாள் மகள் பிறந்தாள்.

ஞாயிறு விடியற்காலை வண்டியை யாரும் விரும்பிக் கேட்பதில்லை. எனவே அதற்கு எல்லோரும் சம தகுதி. அந்தப் பணிமனையில் இப்போது வேலையில் இருப்பவர்களில் குறைந்த எண் நாற்பத்தொன்று. அது அவள் கணவனுடையது.

அவள் சிரிப்பு எங்கோ போய்விட்டது. பின்னால் நின்ற டெஸ்டர் குறிப்பைப் படித்தார், தேதியைப் படித்தார், கணக்குப் போட்டார். "உங்க வீட்டுக்காரர் புலம்புற நாலு வருஷம்னா இருநூறு ஞாயிறு," என்றார். பிறகு அவர் வாழ்நாளில் சிரிக்காத சிரிப்பையெல்லாம் சேர்த்துச் சிரித்தார். அறையே சிரித்தது. கொஞ்ச நேரம் முகத்தை மூடிக்கொண்டிருந்த பஞ்சாங்கமும் கடைசியில் அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டாள். மேலாளர் மட்டும் கருவியைத் தட்டிக் கொடுப்பது போல மடிக்கணினியைத் தடவினார்.

சாயங்காலம் வீட்டில் அவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். கையில் கத்தி இருக்கும்போது சொல்ல வேண்டாம் என்று அவள் காத்திருந்தாள். அவன் கத்தியைக் கழுவி வைத்ததும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

"கோவமா?" என்றாள்.

"இல்ல, யோசிக்கிறேன். டெப்போவுல பசங்க என்ன சொல்லுவானுங்க தெரியுமா? 'அண்ணனுக்கும் அண்ணிக்கும் வீட்ல ஏதோ தகராறு போல. அதான் அண்ணி ஞாயித்துக்கிழமையானா வெளிய துரத்திடுறாங்க'ன்னு. நானும் நாலு வருஷமா உனக்காக வக்காலத்து வாங்கிட்டு இருந்தேன்." அவன் கண்ணில் தண்ணீர். "வெங்காயம்," என்றான். ஆனால் தோள் குலுங்கிய தினுசைப் பார்த்தால் வெங்காயம் மாதிரி தெரியவில்லை. பக்கத்து அறையிலிருந்து மகள் ஓடிவந்து, "எதுக்குச் சிரிக்கிறீங்க?" என்று கேட்டாள். "எல்லாம் நீ பொறந்த நேரம்," என்றான் அவன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

வெள்ளிக்கிழமையே அந்த வரியை மாற்றினாள். டெஸ்டர் மூன்று முறை சோதித்தார். முறை வைத்து எல்லோருக்கும் வரும்படி புதிய சார்ட் போனது. முதல் ஞாயிறு அவன் பழக்க தோஷத்தில் நாலு மணிக்கே விழித்து, சீருடையையும் போட்டுக்கொண்டு, கதவுவரை போய்த்தான் நினைவு வந்து திரும்பினான். சீருடையோடேயே பத்து மணிவரை தூங்கினான்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவளுக்கு மனசு கேட்கவில்லை. திங்கட்கிழமை மதியம் ஷிப்ட் மாறும் நேரத்தில் பணிமனைக்குப் போனாள். பதிமூன்று வருடத்தில் வாசல்வரை போயிருக்கிறாள்; ஓய்வறைக்குள் நுழைந்தது அதுவே முதல் தடவை. நீள பெஞ்சுகள், சுவரில் அவள் போட்ட சார்ட், அதன்மேல் பேனாவால் யாரோ வரைந்த மீசை. இருபது ஓட்டுநர்களுக்கு முன்னால் நின்று, தப்பு தன்னுடையது என்று சொன்னாள்.

ஒருவர் உடனே, அவள் கணவனுக்கு முன் அந்த ஞாயிறுகளைச் சுமந்து ஓய்வுபெற்ற முப்பத்தெட்டாம் எண்காரருக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார்.

"கண்டுபிடிச்சது யாரும்மா?" என்றது கிழக்குரல்.

"ஒரு மெஷின்தாங்க."

"நான் ஏழு வருஷம் கத்துனேன். யாரும் கேக்கல. மெஷின் சொன்னா கேக்குறீங்க. சரி போகட்டும், அதையாச்சும் வேலையை விட்டுத் தூக்காம வச்சுக்கங்க."

பெஞ்சுகள் அதிரச் சிரித்தார்கள். "எங்களுக்கும் செய்தி வருது அண்ணி," என்றார் இன்னொருவர். "ஆளே இல்லாம பஸ் ஓடுமாம். நல்லதுதான், ஏன் லேட்டுன்னு பாசஞ்சர் யாரைத் திட்டுவாங்கன்னுதான் நான் பார்க்கணும்."

எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் ஓட்டுநர் கையைத் தூக்கினார்.

"குறை சொல்லலாம்னா எனக்கும் ஒண்ணு இருக்கு. கடைசி நிறுத்தத்துல பன்னெண்டு நிமிஷம் இடைவேளை போட்டிருக்கீங்க. கழிவறைக்கு நடந்து போகவே ஏழு நிமிஷம் ஆகுது. வர்றதுக்கு ஏழு."

பஞ்சாங்கத்துக்குச் சுருக்கென்றது. ஒன்பதாயிரம் வரியில் எங்கேயும் கழிவறை இல்லை. கருவியும் கேட்கவில்லை, அவளும் கேட்டதில்லை.

"இப்ப போற வண்டியில நானும் வரேன். காட்டுறீங்களா?"

"வாங்க."

அவள் முன் இருக்கையில் உட்கார்ந்து கடைசி நிறுத்தம்வரை போனாள். இறங்கியதும் இரண்டு பேரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். சந்தைக்குப் பின்புறம், ஒரு சந்து, இரண்டு திருப்பம், பதினெட்டுப் படி. திரும்பி வரும்போது மூச்சு வாங்கியது.

"எவ்வளவு?" என்றார் ஓட்டுநர்.

"பதினஞ்சு. அதுவும் வரிசையில யாரும் இல்லாம."

"வரிசை இருந்தா நான் அடக்கிக்கிட்டே ஓட்டுவேன். அன்னிக்கு வண்டி சீக்கிரம் போய்ச் சேந்துடும், எல்லாரும் பாராட்டுவாங்க."

பஞ்சாங்கம் நடைபாதையில் நின்றபடியே விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, முதல் பக்கத்தில், வரிசையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்து, 'இருபத்தைந்து நிமிடம்' என்று எழுதிக்கொண்டாள். ஓட்டுநர் வண்டியில் ஏறி, விசையைத் திருப்பியபடியே, "அடுத்தது நிழலே இல்லாத நிறுத்தம் ஒண்ணு இருக்கு, அதையும் பார்த்துடுறீங்களா?" என்று கேட்டார். அவள் ஏறி உட்கார்ந்தாள்.